கேபி ஸ்டார்லெட்டிலிருந்து ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு: றம்பொடை ஏற்றத்தில் மறுபடி ஓட்டப் பழகிய கதை

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். பழைய பின்சக்கர வண்டியைக் கொடுத்துவிட்டு வேகமான சின்ன ஹேட்ச்பேக் ஒன்று எடுக்கலாமா, நம் மலைப் பாதைக்கு அது ஒத்துவருமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் மாறிப் பதினான்கு மாதம் ஆகிறது. பட்டதைச் சொல்கிறேன்.

நான் ஓட்டப் பழகியது அப்பாவின் டொயோட்டா ஸ்டார்லெட்டில், கேபி61 வகை. 1290 சிசி எஞ்சின், முக்கால் டன் அளவு எடை, பின்சக்கர இழுவை. ஸ்டார்லெட்டில் பின்சக்கரம் இழுத்த கடைசி வகை அதுதான். 1984இல் வந்த அடுத்த வகையிலிருந்து எல்லாமே முன்சக்கரம். முடக்குக்குள், அதாவது கூரிய வளைவுக்குள், மெதுவாக நுழை, மூக்கு திரும்பியதும் எக்சிலேட்டரை மிதி என்பார் அப்பா. மலையில் அது சரியாகவே இருந்தது. ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும், இழுக்கிற டயரும் அங்கேதான் இருக்கிறது, அதனால் மழையிலும் தரையைக் கவ்வும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்க்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர். என் கார்ப் பைத்தியம் அங்கே பிடித்ததுதான்.

அப்புறம் ஏழு வருடம் டொயோட்டா ஆக்ஸியோ ஹைபிரிட். குடும்பத்துக்கு நல்ல வண்டி, எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் நுவரெலியாவிலிருந்து நீண்ட இறக்கம் இறங்கும்போது பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதற்கு மேல் மின்சார பிரேக் பிடித்து உதவாது, லீவரை ‘பி’க்குத் தள்ளி எஞ்சினைக் கொண்டு அடக்க வேண்டும். 2023 ஜனவரியில் பஸ் ஒன்று மோதி ஏழு பேர் உயிரிழந்த நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவில் இருக்கும். அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கார் வரத் தொடங்கியது. அந்த இடைவெளி முழுக்க ஆசையை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஏற்கெனவே நாட்டில் ஓடிய ஒரு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எடுத்தேன். இசட்சி33எஸ் வகை, 1.4 லீற்றர் டர்போ, ஆறு கியர் மேனுவல். 140 குதிரைவலு, 970 கிலோ எடை. இந்த எண்களை விட முக்கியமானது 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, அதாவது இழுக்கும் பலம், நிமிடத்துக்கு 2500 சுற்றிலேயே வந்துவிடுவது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே மூச்சு வாங்கும். இந்த வண்டி நுவரெலியாவுக்குப் பக்கத்து லபுக்கலையிலும் கொழும்பில் இழுத்த மாதிரியே இழுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆக்ஸியோவும் முன்சக்கரம்தான், ஆகவே புதிதாகப் பழக ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அது தப்பு. ஆக்ஸியோவின் முன் டயர்களைத் திணறடிக்கும் அளவுக்கு அந்த எஞ்சினில் வலு இருந்ததே இல்லை.

வாங்கிய இரண்டாம் வாரம், கம்பளையிலிருந்து நுவரெலியா வழியாக இரவு ஏழரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. றம்பொடைக் குகைவழி தாண்டி மேலே ஒன்றன்மேல் ஒன்றாக முடக்குகள் வருமே, அங்கே எனக்கு முன்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி. முடக்கில் அது ஓரம் கட்டி வழிவிட்டது. நான் பழைய பழக்கத்தில் இரண்டாம் கியரில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடியே எக்சிலேட்டரை மிதித்துவிட்டேன். உள்பக்க டயர் சும்மா சுற்றியது. ஸ்டியரிங் ஒரு தடவை இந்தப் பக்கம் இழுத்தது, ஒரு தடவை அந்தப் பக்கம். டயர் வழுக்குவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. வண்டி திரும்பாமல் வெளி ஓரத்தை நோக்கியே நகர்ந்தது, அந்தப் பக்கம் பள்ளம். காலை எடுத்ததும் மூக்கு உள்ளே வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லபுக்கலை வந்து ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போகிறது, ஆனால் இழுப்பது முன் டயர். முடக்கில் வண்டி வெளிப்பக்கம் சாய்வதால் உள்பக்க முன் டயர் இன்னும் இலேசாகிறது. ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் மற்றதுக்கும் வலுவைத் தரும் எல்எஸ்டி இந்த வண்டியில் கிடையாது. எந்தச் சக்கரத்துக்குப் பிடி இல்லையோ அந்தச் சக்கரத்தின் வழியாகவே வலு வீணாகிறது. அதோடு திரும்புகிற வேலை, இழுக்கிற வேலை இரண்டையும் அந்த இரண்டு டயர்தான் செய்ய வேண்டும். ஸ்டார்லெட்டில் அந்த வேலைகள் முன்னும் பின்னுமாகப் பிரிந்திருந்தன.

மறுநாள் டயரைப் பார்த்தேன். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. என் முன் டயரில் 2217 என்றிருந்தது. 2017இன் 22ஆம் வாரம்! டயரின் பூ தேயாமல் இருந்தது, ஆனால் ரப்பர் இறுகிப்போயிருந்தது. விற்றவரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. நான்கையும் மாற்றினேன், அளவு 195/45 ஆர்17. அதே முடக்கு, அதே மழை, வேறு வண்டி மாதிரி இருந்தது.

இறக்கம் இன்னொரு பாடம். கீழே இறங்கும்போது பாரம் முன்னால் இருப்பதால் எஞ்சின் பிரேக்கும் அதே சக்கரங்களில் நன்றாக வேலை செய்கிறது. அது பெரிய நிம்மதி. ஆனால் புசல்லாவைக்கு மேலே ஒரு நாள் முடக்கின் நடுவில் ஒரு நாய் ஓடிவர, சட்டென்று காலை எடுத்தேன். பின்பக்கம் இலேசாக விலகியது. பின் டயரில் பாரமே இல்லாதபோது இது நடக்கும். இப்போது வேகத்தை முடக்குக்கு முன்னாலேயே குறைத்துவிடுகிறேன், உள்ளே போனபின் கால் அசையாது. வெளியேறும்போது ஸ்டியரிங் நேராக வர வரத்தான் எக்சிலேட்டர். அப்பா சொன்னதற்கு நேர்மாறு இல்லை, ஒரு நொடி கூடுதல் பொறுமை, அவ்வளவுதான். அந்தப் பொறுமை கைவந்த பிறகு இந்த வண்டி ஸ்டார்லெட்டை விட நம்பிக்கையாக ஏறுகிறது.

ஒரு குறை மனதை உறுத்துகிறது. வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 120 மில்லிமீற்றர்தான். அத்தையின் லயத்து வீட்டுக்குப் போகும் தோட்டப் பாதையில் இதை ஏற்ற முடியாது. மாரியம்மன் கோயிலடியில் நிறுத்திவிட்டு நடக்கிறேன். முழங்கால் வலியோடு அத்தை கிளினிக் போக வேண்டிய நாளில் பக்கத்து வீட்டு த்ரீவீலர்தான் உதவி.

பதில், கொட்டகலையிலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதிய மாதிரி முன் டயர் சும்மா சுற்றியது எனக்கும் நடந்தது, சின்ன அளவில். நான் மாருதி 800 ஓட்டிக்கொண்டிருந்த டீச்சர். இப்போது சுசுகி ஆல்டோ வேர்க்ஸ். 64 குதிரைவலுதான், ஆனால் எடை 670 கிலோ. பொகவந்தலாவைக்குத் தினமும் போய்வருகிறேன், கியர் போடுவதே ஒரு சந்தோஷம்.

எனக்குச் சிக்கல் முடக்கில் வரவில்லை, ஏற்றத்தில் நின்று புறப்படும்போது வந்தது. ஸ்கூல் வாசலில் பாசி பிடித்த கொங்கிரீட் ஏற்றம், டயர் அங்கேயே சுற்றியது. பின்னால் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பயந்துவிட்டேன். ஹட்டனில் எங்கள் மெக்கானிக் பாஸ் சொன்னபடி இப்போது ஹேண்ட்பிரேக்கில் பிடித்து, சக்கரத்தை நேராக வைத்து, க்ளச்சை மெதுவாக விட்டுப் புறப்படுகிறேன். முன் டயர் வேகமாகத் தேய்வதையும் எழுதுங்கள் அண்ணா. நான் 8000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போடுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து:

சரியாகச் சொன்னீர்கள் டீச்சர், டயர் மாற்றிப் போடுவதை நான் விட்டுவிட்டேன். பெட்ரோலையும்தான். என் வண்டிக்கு 95 ஒக்டேன் வேண்டும், நம் பக்கம் எல்லா ஷெட்டிலும் அது இருக்காது. பாதித் தாங்கி ஆனதுமே நிரப்பிவிடுவேன்.

கேட்ட தம்பிக்கு: ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பஸ் கூடுவதற்கு முன் தலவாக்கலைக்கு வாருங்கள். நான் பக்கத்தில் உட்காருகிறேன், நீங்கள் ஓட்டுங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது, றம்பொடை வரைக்கும் போய் அந்த முடக்கிலேயே காட்டுகிறேன்.