மறு: ‘சம்ப்சுவரி சட்டம்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைய ரோம் பற்றிய ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘சம்ப்சுவரி சட்டம்’ என்ற இடத்தில் இரண்டு நாளாகச் சிக்கி நிற்கிறேன். உடை, நகை, விருந்து போன்றவற்றுக்கு அரசு வரம்பு கட்டும் சட்டம் அது. பாடத்தில் வருவது கி.மு. 215-இல் வந்த ஓப்பியச் சட்டம். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு ரோமுக்குப் போர் நடந்த காலம். பெண்ணிடம் அரை அவுன்சுக்கு மேல் பொன் இருக்கக் கூடாது. நம் கணக்கில் ஒன்றே முக்கால் பவுன்கூடத் தேறாது. பல நிற ஆடை கூடாது. சமய விழா தவிர நகருக்குள் வண்டியேறிப் போகக் கூடாது. இப்போதைக்கு ‘ஆடம்பரத் தடைச் சட்டம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

(சென்னை)

*

ஆடம்பரம் வடசொல் ஐயா. ‘பகட்டு’ இருக்கும்போது அது எதற்கு? பகட்டுத்தடைச் சட்டம் என்க. பகல், பகர், பகட்டு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு, வெளிப்படுதலே அடிப்பொருள். துணிபு என்றதும் நினைவு வருகிறது: துணிப்பது துணி, துண்டிப்பது துண்டு, அறுப்பது அறுவை. தறியிலிருந்து வெட்டி எடுத்ததை வைத்தே ஆடைக்குப் பெயரிட்டவர்கள் நாம். சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரை மறக்கலாமா? ‘அறுவை வரம்பு’ என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

(மதுரை)

*

ஐயா, அறுவை என்றால் பிள்ளைகள் ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பார்கள். இருபது வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன். மேலும் இந்தச் சட்டங்கள் ஆடையோடு நிற்கவில்லை. கி.மு. 161-இன் ஃபன்னியச் சட்டம் விருந்துச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. கொழுக்க வைக்காத கோழி ஒன்றைத் தவிர வேறு பறவை இலைக்கு வரக் கூடாது என்றது. இலத்தீனில் ‘சும்ப்டுஸ்’ என்றாலே செலவுதான். ‘செலவு வரம்புச் சட்டம்’ போதும்.

(ஈரோடு)

*

அம்மா, செலவு மட்டும்தானா? கி.மு. 195-இல் ஓப்பியச் சட்டத்தை நீக்கச் சொல்லிப் பெண்கள் தெருவில் திரண்டார்கள். அந்த ஆண்டு கான்சலாக, அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளர் இருவரில் ஒருவராக இருந்த கேட்டோ எதிர்த்தார். மக்கள் பிரதிநிதி வலேரியுஸ் பெண்கள் பக்கம் பேசியதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுவதைப் பாருங்கள்: நேச நாட்டுப் பெண்கள் பொன்னும் ஊதா ஆடையுமாக வண்டியில் போக, நம் வீட்டுப் பெண்கள் நடந்து போவதா? செனட்டர் அங்கியில் அகலமான ஊதாப் பட்டை, அடுத்த வகுப்பாருக்குக் குறுகிய பட்டை என்றிருந்த ஊர் அது. யார் யாருக்குக் கீழே என்பதுதான் அங்கே கணக்கு.

எங்கள் பக்கத்துத் தோள்சீலைப் போராட்டத்தை எண்ணுங்கள். 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைந்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது என்றது. இதில் செலவு எங்கே வந்தது? ‘தகுதிவரம்புச் சட்டம்’ என்போம்.

(நாகர்கோவில்)

*

தகுதி என்றால் இப்போது வேலை விளம்பரம்தான் தம்பி. அது ஒட்டாது.

(ஈரோடு)

*

‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’ என்று அரசனையும் வேட்டுவனையும் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது. பகட்டு என்பது பிறர் காணச் செய்வது. கோழி விருந்தும் அதில் அடங்கும், ஊதாப் பட்டையும் அடங்கும்.

(மதுரை)

*

ஐயா, பகட்டு என்பது தடை போட்டவன் வாயில் வரும் சொல். தோளை மூடிய பெண் பகட்டவில்லை.

(நாகர்கோவில்)

*

நேரம் இல்லை. மதுரை, ஈரோடு இருவரும் ‘பகட்டுத்தடை’ பக்கம். ஈரோட்டு அம்மா அரைமனதோடுதான் ஒப்பினார். அதையே அனுப்புகிறேன். கூடவே ‘யார் எதை உடுத்தலாம், உண்ணலாம் என்று அரசு வகுத்த சட்டம்’ என்று அடிக்குறிப்பும் கொடுத்திருக்கிறேன்.

(சென்னை)

*

அடிக்குறிப்புக்கு நன்றி. சொல்லுக்கு நான் இன்னும் உடன்படவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் கேட்பேன்.

(நாகர்கோவில்)