வன்தட்டு மவுண்ட் ஆகும் முன்பே போஸ்ட்கிரெஸ் கிளம்பிவிடுகிறது: சார்பை எங்கே எழுதுவது?

எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியல் டெபியன் 12 லினக்ஸ் கணினியில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. 3 வாரங்களுக்கு முன் தரவு முழுவதையும் யுஎஸ்பி வன்தட்டுக்கு மாற்றினேன்; எந்தத் தட்டுகளை இணைக்க (மவுண்ட்) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' (தட்டு இல்லாவிட்டாலும் கணினி தொடங்கட்டும்) என்று குறித்திருக்கிறேன். அன்று முதல், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் போஸ்ட்கிரெஸ் 15 எழுவதில்லை. கணினியின் பதிவேடான ஜர்னலில் தரவுக் கோப்புறை இல்லை என்ற வரி. சரியாக 4 விநாடி கழித்து வன்தட்டு மவுண்ட் ஆன செய்தி. கையால் தொடங்கினால் உடனே ஓடுகிறது. அதுவரை புத்தகம் எடுக்க வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில், போஸ்ட்கிரெஸ் சேவைக்குக் கூடுதல் அமைப்புக் கோப்பு எழுதி, 'ஆஃப்டர்', 'ரிக்வயர்ஸ்' இரண்டிலும் வன்தட்டின் மவுண்ட் யூனிட்டை (அதை இணைக்கும் சிஸ்டம்டி அலகு) சேர்த்தேன். முதலாவது வரிசையை மட்டும் சொல்கிறது, இரண்டாவது தேவையை மட்டும் சொல்கிறது என்பதால் இரண்டுமே வேண்டும். டீமன்-ரீலோட் (அமைப்புக் கோப்புகளை மறுபடி படிக்க வைப்பது) செய்தேன், மறுதொடக்கமும் செய்தேன். பலனில்லை.

பிறகுதான் கவனித்தேன்: டெபியனில் அந்தச் சேவை வெறும் உறை. எதுவும் செய்யாத 'ட்ரூ' கட்டளையை ஓட்டிவிட்டு முடிந்துவிடுகிறது. உண்மையான சர்வர் '15-மெயின்' என்ற தனி யூனிட்டில் எழுகிறது.

'நோஃபெயில்' குறிப்பை எடுக்கத் தயங்குகிறேன். வன்தட்டு பழுதானால் கணினியே அவசர நிலையில் நின்றுவிடும். அதை அப்படியே விட்டு, 15-மெயின் யூனிட்டில், தரவுக் கோப்புறைக்கான மவுண்ட் தேவை என்று சொல்லும் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரியை மட்டும் சேர்த்தால் சர்வர் வன்தட்டுக்காகக் காத்திருக்குமா?