இடது விரை தாழ்ந்திருப்பதும் மாலை நேர வலியும்: இயல்பா, நோயா?

கேள்வி: நெடுநாள் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. இடது விரை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதை விவரம் தெரிந்த நாளிலிருந்தே கவனித்து வருகிறேன், அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் அண்மைக் காலமாக, நெடுநேரம் நின்றபடி வேலை செய்யும் நாள்களில், மாலையானால் இடப்பக்கத்தில் ஒரு கனமும் மந்தமான வலியும் ஏற்படுகின்றன. சிறிது நேரம் படுத்தால் தணிந்துவிடுகிறது. அளவிலும் வலது சற்றுப் பெரிதாகத் தோன்றுகிறது. குளிக்கும்போது தொட்டுப் பார்த்ததில் இரு விரைகளின் பின்புறத்திலும் மென்மையான, நீண்ட தடிப்பு ஒன்று தட்டுப்பட்டது. காய்ச்சலோ நீர்க்கடுப்போ இல்லை, அடிபடவும் இல்லை. வீட்டில் பேசக் கூச்சமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

மறுமொழி: உடலியல் ஆர்வலர்

நான்கு செய்திகளை ஒன்றாகச் சேர்த்துக் கவலைப்படுகிறீர்கள். பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு விரை மற்றதைவிடத் தாழ்ந்துதான் இருக்கும். அது பெரும்பாலும் இடதாகவே இருக்கும். வளர்ந்த ஆணின் விரை ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிலிட்டர் வரை கன அளவு கொண்டது. வலது சற்றே பெரிதாக இருப்பதும் வழக்கமானதுதான்.

பின்புறத்தில் தட்டுப்பட்டது எபிடிடிமிஸ் எனப்படும் சுருள்குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விந்தணுக்கள் அங்கேதான் முதிர்ச்சி அடைகின்றன. அதைக் கட்டியென்று நினைத்து உறக்கத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்! இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதாக நீங்களே சொல்வது ஆறுதலான அடையாளம். ஆகவே, விளக்கம் வேண்டியிருப்பது மாலை நேர வலி ஒன்றுக்குத்தான்.

மறுமொழி: அனுபவப்பட்டவன்

நின்றால் கனம், படுத்தால் நிம்மதி என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு இருந்த தொல்லையை அப்படியே ஒத்திருக்கிறது. எனக்கு இருந்தது வேரிகோசீல், அதாவது விரைக்கு மேலுள்ள சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்ளும் நிலை. ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகவும், பலர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலே இருந்துவிடுவதாகவும் மருத்துவர் கூறினார்.

இது பெரும்பாலும் இடப்பக்கத்தில் வருவதற்கு உடலமைப்பே காரணம். வலது விரையின் சிரை, உடலின் கீழ்ப்பகுதிக் குருதியை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில் சாய்வாகச் சென்று சேர்கிறது. இடது விரையின் சிரையோ அதைவிட நீளமானது, இடது சிறுநீரகச் சிரையில் ஏறத்தாழச் செங்கோணத்தில் சேர்வது. அதனால் நிற்கும்போது குருதி மேலேறத் தடுமாறித் தேங்குகிறது. என்னை நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தார்கள். புழுக்கள் நிறைந்த பையைத் தொடுவது போல இருக்கும் என்பது மருத்துவர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் வர்ணனை. பிறகு குருதியோட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை அணிந்ததிலும் இடையிடையே உட்கார்ந்ததிலும் எனக்குத் தொல்லை குறைந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

மேலே உள்ள விளக்கங்கள் சரியானவை. ஆயினும் இதே தலைப்பைத் தேடி வேறு வலியோடு வருபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

திடீரென்று, பெரும்பாலும் ஒரு பக்கத்தில், கடுமையான வலி தோன்றி, குமட்டலோ வாந்தியோ சேர்ந்து, அந்த விரை வழக்கத்தைவிட மேலேறியிருந்தால் அது விரை முறுக்கமாக இருக்கலாம். விரைக்குக் குருதி கொண்டுசெல்லும் தண்டு முறுக்கிக்கொள்வதால் குருதியோட்டம் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை மூலம் முறுக்கைப் பிரித்தால் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். பிறகு அது விரைவாகக் குறைகிறது. விடலைப் பருவத்தினரிடம் இது அதிகம், உறக்கத்திலும் வரக்கூடும். விடியட்டும் என்று காத்திருப்பதும் வலிமாத்திரை போட்டுப் படுப்பதும் கூடாது. தானாகவே வந்து தானாகவே விட்டுவிடும் கடும் வலியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வலி ஓரிரு நாள்களில் மெல்லக் கூடி, காய்ச்சலும் நீர்க்கடுப்பும் சேர்ந்தால் எபிடிடிமிஸ் தொற்றாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவை. வலியே இல்லாத கெட்டியான கட்டியை, வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் கண்ட ஆபத்து. விரைப் புற்று 15 முதல் 40 வயதுக்குள் கூடுதலாக வருவது. பெரும்பாலும் வலியின்றியே தொடங்கும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வலியற்றது, கதிர்வீச்சு அற்றது.

கேள்வியாளர்: நெடுநாள் வாசகன்

மிக்க நன்றி ஐயா. எனக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. இது வேரிகோசீல் என்றே வைத்துக்கொண்டால், குழந்தைப்பேறு பாதிக்கப்படுமா? நீண்ட நாள் தாழ்ந்திருந்தது பிறகு மாறினால் அதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

மறுமொழி: ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

வேரிகோசீல் உள்ளவர்களில் பெரும்பாலானோர் இயல்பாகவே தந்தையாகிறார்கள். விரைகள் உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூட்டில்தான் நன்றாகச் செயல்படும். தேங்கிய குருதி அந்தச் சூட்டை உயர்த்துவதால் சிலருக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் குறைகின்றன. ஐயமிருந்தால் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம். விந்தணுக் குறைபாடும் கருத்தரிப்புத் தடையும் சேர்ந்திருக்கும்போதும், வலி வேறெதற்கும் அடங்காதபோதும், வளரும் பையனுக்கு அந்த விரை வளர்ச்சியில் பின்தங்கும்போதும் சிகிச்சை பற்றிப் பேசுகிறோம். நுண்ணறுவையும், சிரையை உள்ளிருந்து அடைக்கும் முறையும் உள்ளன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, ஆம். பிறவியிலிருந்தே உள்ள ஏற்றத்தாழ்வைவிட, புதிதாக ஏற்படும் மாற்றத்துக்குத்தான் நாங்கள் முக்கியத்துவம் தருவோம். ஒரு பக்கம் சுருங்குவது, வீங்குவது, கெட்டியாவது, படுத்த பின்னும் புடைப்பு வடியாமலிருப்பது, வலப்பக்கத்தில் மட்டும் புதிதாகச் சிரைப் புடைப்பு தோன்றுவது ஆகியவை உடனே பார்க்கத்தக்கவை. கடைசி இரண்டும் வயிற்றுக்குள் ஏதேனும் சிரையை அழுத்துகிறதா என்று தேடவைப்பவை.

நீங்கள் இரண்டொரு வாரத்துக்குள் ஒரு சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரைப் பாருங்கள், தம்பி. குழந்தைப் பருவத்தில் விரை இறங்காமல் இருந்து சிகிச்சை பெற்றிருந்தால் அதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விரைப் புற்றுக்கான வாய்ப்பை அது கூட்டுவதால், அவர் உங்களைப் பரிசோதிக்கும் விதமே மாறும்.