டயாலிசிஸ் அரிப்பு: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

காட்பாடியிலிருந்து:
வணக்கம். டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோலில் வரும் அரிப்பான 'யுரீமிக் புரூரிட்டஸ்' என்பதை 'சிறுநீரக அரிப்பு' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த பெரியவர், "கிட்னிக்குள்ளயாம்மா அரிக்கும்?" என்று கேட்கிறார்.

குடியாத்தத்திலிருந்து:
வேற்றுமை உருபு மறைந்து தொகையாக நின்றால் அப்படித்தான் பொருள் மயங்கும். அதோடு, 'அரி' அறுத்தலைக் குறிக்கும் வேர். அரிவாள், அரிதாள் எல்லாம் அங்கிருந்து வந்தவை, அரிசியும் அப்படித்தான் என்பது என் துணிபு. கரையான் அரிப்பதும் மண் அரிப்பும்கூட அதில் சேர்ந்துவிடும். தோல் அரிப்புக்கென்றே 'தினவு' என்ற சொல் இருக்க இது எதற்கு? 'குருதிநச்சுத் தினவு' என்று வையுங்கள்.

ஆம்பூரிலிருந்து:
ஐயா, தினவு என்றால் எங்கள் பக்கம் தோள் தினவெடுத்துச் சண்டைக்கு நிற்பதுதான். 'குருதிநச்சு' என்று போட்டால் ரத்தத்தில் விஷம் என்று வீட்டார் பதறிப்போவார்கள். 'யுரீமிக்' என்ற பெயர் ரத்தத்தில் சேரும் கழிவான யூரியாவைச் சுட்டுவது. அது மட்டுமே காரணம் இல்லை என்பதால் மருத்துவர்களே இப்போது நாட்பட்ட சிறுநீரக நோயோடு சேர்த்துத்தான் இதற்குப் பெயர் சொல்கிறார்கள். நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். இவர்களுக்குப் பெரும்பாலும் தோலில் தடிப்பு இருக்காது, தெரிகிற கீறல்கள் சொறிந்து சொறிந்து வந்தவை. இதை அலர்ஜி என்று நினைத்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள், தூக்கம்தான் வருகிறது, அரிப்பு அவ்வளவாக அடங்குவதில்லை. வறண்ட தோலுக்குக் களிம்பு, நேரத்தைக் குறைக்காமல் முழு டயாலிசிஸ், ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடாமல் கட்டுப்பாடு, இவைதான் முதலில். அப்புறம் மருத்துவர் சொன்னால், நரம்பு வலிக்கும் கொடுக்கிற கேபபென்டின். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, அதனால் மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் டயாலிசிஸ் முடிந்த பிறகு. இதற்கென்றே வந்த டிஃபெலிகெஃபாலின் ஊசிக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. பெயரைப் பார்த்ததும் இது தோல் வியாதி இல்லை, சிறுநீரக நோயோடு வருவது என்று புரிய வேண்டும். உருபை விரித்து 'சிறுநீரக நோயால் வரும் அரிப்பு' என்றே எழுதுவோமே?

குடியாத்தத்திலிருந்து:
அது விளக்கம், கலைச்சொல் இல்லை. சொல் புழங்கப் புழங்கத்தான் விளங்கும். குண்டிக்காய் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர்தானே இன்று சிறுநீரகம் என்கிறது?

ஆரணியிலிருந்து:
'நமைச்சல்' யாருக்கும் நினைவில்லையா? அதில் அறுப்பதும் இல்லை, சண்டையும் இல்லை.

ஆம்பூரிலிருந்து:
நல்ல சொல்தான். ஆனால் ராத்திரியெல்லாம் முதுகைச் சுவரில் தேய்க்கிறவர் "அரிப்பு தாங்கலை" என்றுதான் வந்து சொல்கிறார்.

காட்பாடியிலிருந்து:
தனியாக எழுதியவர்களையும் சேர்த்தால் விரித்தெழுதுவதற்கே ஆதரவு அதிகம். 'சிறுநீரக நோயால் வரும் அரிப்பு' என்று அனுப்பிவிட்டேன்.

குடியாத்தத்திலிருந்து:
சரி, துண்டறிக்கைக்குப் போகட்டும். நம் கலைச்சொல் பட்டியலில் அதை ஏற்க மாட்டேன். 'தினவு' இல்லையென்றால் 'நமைச்சல்' என்றாவது ஒற்றைச் சொல் வேண்டும்.