இடி இறங்கி நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) போயிற்று, இரண்டு டிஸ்க்கில் ஒன்றுதான் சுற்றுகிறது. கணக்கை மீட்க வழி இருக்கிறதா?

போடி ஏலக்கடை:

வணக்கம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கிற கடை எங்களுடையது. முன்னால் கடையும் ஆபீசும், எழுபது மீட்டர் பின்னால் தகரக் கொட்டகை போட்ட குடோன். அங்கேதான் காயைப் புடைத்து, சல்லடையில் எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரிப்போம். ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர், டேலி கணக்கு மென்பொருள், இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 வைத்த ஒரு நாஸ் பெட்டி. குடோனில் எட்டு கேமரா. எல்லாம் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சில். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் கேட்6 என்ற செம்பு நெட்வொர்க் கேபிள் தூண் மேல் போகிறது.

போன செவ்வாய் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், போடிமெட்டுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை இன்னும் பிடிக்கவில்லை, ஒரே ஒரு இடிதான். கடையில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் ஸ்விட்ச்சில் ஒரு லைட் கூட இல்லை. குடோன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் முனையில் இருக்கும் எட்டு பொன்னிறக் கம்பியில் நாலு கறுத்துப் போயிருந்தது. ஸ்விட்ச், நாஸ், மூன்று கேமரா, ஒரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட் எல்லாம் போயிற்று. பேக்கப் எடுக்க வைத்திருந்த யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் நாஸ் பின்னாடியே செருகியிருந்தது, அதுவும் போயிற்று.

நாஸிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் ஒன்று சுற்றவே இல்லை. இன்னொன்று சுற்றுகிறது. டேட்டா எடுத்துத் தருகிற ஒரு கடையில் முப்பத்தைந்தாயிரம் கேட்கிறார்கள், உத்தரவாதமும் இல்லை. ஏப்ரலிலிருந்து உள்ள கணக்கு மொத்தமும் அதில்தான். விற்பனை பில்லை விடுங்கள், மலையில் காய் போட்டுவிட்டுப் பணத்தை எங்களிடமே விட்டு வைத்திருக்கிற தோட்டக்காரர்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவரவர் பாக்கி எவ்வளவு என்பது டேலியில் மட்டும்தான் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து நம்பி வருகிறவர்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

குமுளி நெட்வொர்க்:

தம்பி, முதலில் ஒரு காரியம். சுற்றுகிற அந்த டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டாதீர்கள். மாட்டினால் "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். நாஸ் டிஸ்க்கில் இருப்பது லினக்ஸ் வடிவம், விண்டோஸுக்கு அது தெரியாது, காலி டிஸ்க் என்று நினைத்துத்தான் கேட்கிறது. இங்கே ஒரு ஹோம்ஸ்டேயில் நல்லா இருந்த டிஸ்க்கில் ஓகே கொடுத்துவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். அதைச் சரிசெய்யப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரெய்டு 1 என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாதான், ஒன்று உயிரோடு இருந்தால் போதும். செய்ய வேண்டியது இது. அதே அளவு அல்லது பெரிய புது டிஸ்க் ஒன்று வாங்குங்கள். ஒரு பென் டிரைவில் உபுண்டு லினக்ஸ் ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது, தவறிப்போய் அது மேல் எழுதிவிட வேண்டாம். டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் பழைய டிஸ்க்கைப் புதிதில் அப்படியே நகல் எடுங்கள். எது மூலம், எது நகல் என்று சீரியல் நம்பரை வைத்து இரண்டு தடவை பாருங்கள், மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் வந்து உங்கள் கணக்கின் மேல் உட்கார்ந்துவிடும். இனி எல்லா வேலையும் நகலில்தான். எம்டிஅட்ம் என்ற கருவியால் ஒற்றை டிஸ்க்கிலேயே ரெய்டைத் தொடங்கச் சொல்லி, படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தால், அதாவது இணைத்துத் திறந்தால், ஃபோல்டர் தெரிய வேண்டும். பெரும்பாலான சின்ன நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது சாதாரண லினக்ஸ் ரெய்டுதான்.

டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மட்டும் உடனே நிறுத்துங்கள். அது வேறு வேலை, அதற்குத்தான் அந்த முப்பத்தைந்தாயிரம்.

கம்பம் கணக்கு:

மேலே அண்ணன் சொன்னதைச் செய்து பாருங்கள். அது நடக்கட்டும், நடக்காவிட்டாலும் பாதிக் கணக்கு வெளியே இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் நீங்கள் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்-1இல் விற்பனை இருக்கும். வாங்கினதில் வியாபாரிகளிடம் வாங்கியது, அவர்கள் தாக்கல் செய்ததை வைத்து அதே தளம் காட்டுகிற ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் இருக்கும். புற்றடி ஏலத்தில் எடுத்த லாட் கேரளாவிலிருந்து இறங்கும்போது ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) போட்டுத்தானே வந்திருக்கும்? ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் கட்டாயம், ஏலக்காயில் ஒரு மூட்டையே பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் இன்றைக்கே இறக்கி வையுங்கள். போன மார்ச் வரைக்கும் உள்ள கணக்கு உங்கள் ஆடிட்டரிடம் இருக்கும், அதையும் கேளுங்கள்.

தோட்டக்காரர் பாக்கிதான் எங்கேயும் கிடைக்காது. ஆனால் அவர்களிடம் எடை போட்ட சீட்டு இருக்கும். டிஸ்க் கிடைக்கும் வரை காத்திருக்காமல் நேரில் போய் நடந்ததைச் சொல்லி, சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறைத்து வைத்துப் பிற்பாடு வேறு ஆள் வழியாக அவர்கள் காதுக்குப் போவதைவிட இது எவ்வளவோ நல்லது.

இன்னொன்று, ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும். டிஸ்க் போயிற்று என்று சொன்னால் விடமாட்டார்கள். அதனால் ஆண்டு முடிந்ததும் அந்த வருட டேலி ஃபோல்டரைத் தனியாக எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஐப்பசி மழை:

இதற்கெல்லாம் கிளவுடில் போட்டுவிட்டால் தீர்ந்ததே, எதற்கு இவ்வளவு கஷ்டம்?

குமுளி நெட்வொர்க்:

கணக்குக்குச் சரி, கேமராவுக்குச் சரிப்படாது. 10 எம்.பி.பி.எஸ். அப்லோடு என்றால் மணிக்கு 4.5 ஜி.பி.தான் மேலே போகும். டேலி ஃபோல்டர் ஒரு ஜி.பி. இருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கேமரா ஒன்றுக்கு 4 எம்.பி.பி.எஸ். வைத்தால் ஒரு நாளைக்கு 43 ஜி.பி., எட்டுக்கும் சேர்த்து 345 ஜி.பி., ஒரு 4 டி.பி. டிஸ்க்கே பன்னிரண்டு நாளுக்குள் நிறைந்துவிடும். அதனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவதே தப்பு. கேமராவுக்குத் தனி ரெக்கார்டர், தனி ஸ்விட்ச். கணக்கு தனி.

செங்கோட்டை ஒயரிங்:

எல்லாரும் டிஸ்க்கைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த எழுபது மீட்டர் கேபிளை யாரும் பேசவில்லை. டிஸ்க்கைக் கொன்றது அதுதான். கடைக்கு ஒரு எர்த், குடோனுக்கு ஒரு எர்த் இருக்கும். பக்கத்தில் இடி இறங்கும்போது இரண்டு மண்ணுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அதைச் சமப்படுத்த மின்சாரத்துக்குக் கிடைத்த செம்புப் பாதை உங்கள் கேட்6. நேரடியாகக் கட்டடத்தில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. தகரக் கூரையில் கேமராவைத் திருகி வைத்திருந்தால் இன்னும் மோசம். கரண்ட் போகவே இல்லை, விளக்கு எரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதாவது வந்தது பெரும்பாலும் கரண்ட் லைன் வழியாக இல்லை. யு.பி.எஸ். இருந்தாலும் இதைத் தடுத்திருக்காது.

இரண்டு கட்டடத்துக்கு நடுவில் செம்பு வேண்டாம், ஒளி போகிற கண்ணாடி இழை ஃபைபர் இழுங்கள். இரண்டு முனையிலும் ஒளியையும் மின் சிக்னலையும் மாற்றிக் கொடுக்கிற ஒரு மீடியா கன்வர்ட்டர், சில ஆயிரத்தில் முடிகிற வேலை. ஆனால் வாங்கும்போது கவனியுங்கள்: வீட்டுக்கு நெட் கொடுக்கிற அந்தத் தட்டையான ஃபைபர் கேபிளில் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதைக் கட்டினால் கண்ணாடியோடு இரும்பையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். உலோகமே இல்லாத, எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்) கம்பி போட்ட கேபிள் என்று கேட்டு, முனையை வெட்டிப் பார்த்து வாங்குங்கள். உங்கள் இன்டர்நெட் லைனும் அப்படித்தான் வந்திருக்கும், அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

எர்த் குழியையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே புளியரைப் பக்கம் ஒரு மரக்கடையில் குழி காய்ந்து போய்ப் பேருக்குத்தான் எர்த் இருந்தது, மூன்று வருடத்தில் நான்கு ஸ்விட்ச் மாற்றியிருந்தார்கள். ஃபைபர் போட்டு எர்த்தையும் சரி செய்த பிறகு போன இரண்டு ஐப்பசியும் ஒன்றும் ஆகவில்லை.

போடி ஏலக்கடை:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கிடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் காலேஜில் லினக்ஸ் படிக்கிறான், அவனை உட்கார வைத்து அண்ணன் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்துக்காட்டிச் செய்தோம். சீரியல் நம்பரை நான் ஒரு தாளில் எழுதி இரண்டு டிஸ்க் மேலும் ஒட்டினேன். நகல் எடுக்க ராத்திரி முழுக்க ஆயிற்று. காலையில் ஃபோல்டர் திறந்தது, டேலி டேட்டாவை வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தோம். கடைசி என்ட்ரி அந்தச் செவ்வாய் மதியம் 3:50, சாந்தன்பாறைத் தோட்டக்காரர் ஒருவருக்கு வரவு வைத்தது. அதைத் திரையில் பார்த்ததும் அப்பா பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அதற்கு முன்பே பதினோரு பேரை நேரில் பார்த்துச் சீட்டு வாங்கியிருந்தோம். ஒன்பது பேர் கணக்கு டேலியோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனது, இரண்டு பேருக்கு நாங்கள்தான் எடையைக் குறைத்து ஏற்றியிருந்தோம், திருத்திவிட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கம்பம் அண்ணனுக்கு இதற்காகவே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஃபைபர் இழுத்தாயிற்று. முதல் கடையில் கொடுத்த சுருளை வெட்டிப் பார்த்தால் இரும்புக் கம்பி இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேனியில் வேறு வாங்கினோம். கேமரா தனி ஸ்விட்ச்சுக்குப் போய்விட்டது. பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க், ஒன்று கடையில், ஒன்று வீட்டில், சனிக்கிழமை சாயங்காலம் மாற்றிக்கொள்வோம். நகல் எடுத்து முடிந்ததும் கழற்றிப் பீரோவில்.

இப்போது ஒரு கேள்வி. மலையில் பூப்பாறையில் இருக்கிற ஸ்டோரிலிருந்து டேலியைப் பார்க்க வேண்டும். நெட்காரர் கொடுத்த முகவரி 100.71 என்று தொடங்குகிறது, ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வரவில்லை.

குமுளி நெட்வொர்க்:

மனசு நிறைந்தது தம்பி. 100.64 முதல் 100.127 வரை வந்தால் அது நெட்காரர் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற முகவரி, வெளியிலிருந்து உங்களைத் தொட முடியாது. திறந்த போர்ட்டை இப்போதே மூடுங்கள், டேலியையும் ரிமோட் டெஸ்க்டாப்பையும் நேரடியாக வெளியே விடவே கூடாது. இரண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் என்ற வி.பி.என். (இரண்டு இடத்துக்கும் இடையே பாதுகாப்பான தனி வழி) மென்பொருள் போடுங்கள், இந்த முகவரியிலும் அது ஓடும். டேலி ஃபோல்டரை மலைக்கு ஷேர் பண்ணாதீர்கள், லைன் நடுவில் அறுந்தால் டேட்டா கெட்டுவிடும். கடைக் கம்ப்யூட்டரில் டேலி ஓடட்டும், மலையிலிருந்து அதன் திரையை மட்டும் பாருங்கள். ஸ்டோரில் எந்த சிம் எடுக்கிறது?