கிரேக்க, லத்தீன் வேர்களை மனப்பாடம் செய்வது வீண்வேலையா?

ஆணிவேர்:
பத்தாண்டுகளாக ஆங்கிலச் சொல்வளம் கற்பித்து வருகிறேன். முதல் வாரமே 300 கிரேக்க, லத்தீன் வேர்கள் அடங்கிய பட்டியலை மாணவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் கொத்தாகப் பத்துச் சொற்கள் வரும். ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்ட் உள்ளே பார்ப்பது, ரெஸ்பெக்ட் திரும்பிப் பார்ப்பது, சஸ்பெக்ட் அடியிலிருந்து, அதாவது ஒரு மாதிரியாகப் பார்ப்பது. நேற்று சக ஆசிரியர் ஒருவர், “இது வீண்வேலை, பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். மனம் ஆறவில்லை. உங்கள் கருத்து என்ன?

அச்சுப்பிழை:
நான் உங்கள் சக ஆசிரியரின் கட்சி. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். வேரை நம்பி மோசம் போனவர்களின் வாக்கியங்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன.

‘திரும்பிப் பார்ப்பது’ என்று சொன்னால் ‘மரியாதை’ என்று யாருக்காவது தோன்றுமா? பொருளை முன்பே அறிந்தவருக்குத்தான் வேர் இனிக்கும். அறியாதவருக்கு அது விடுகதை.

உங்கள் பட்டியலில் ‘பெட்’ என்றால் பாதம் என்று கட்டாயம் இருக்கும். பெடல், பெடஸ்ட்ரியன் வரை சரி. குழந்தை மருத்துவமான பீடியாட்ரிக்ஸில் பாதம் எங்கே? அதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெடாலஜி என்ற மண்ணியலில் இருப்பதோ நிலத்தைக் குறிக்கும் ‘பெடோன்’. வேர்கள் மூன்று, முகம் ஒன்று. ஆர்த்தோபீடிக்ஸ் இன்னும் வேடிக்கை. எலும்பு மருத்துவம்தானே, கால் சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். 1741இல் நிக்கோலா ஆன்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடற்கோணல்களைத் தடுக்கவும் நிமிர்த்தவும் வழி சொன்ன தம் நூலுக்காக உருவாக்கிய சொல் அது. ‘ஆர்த்தோஸ்’ நேரானது, ‘பைதியோன்’ குழந்தை. இன்று எழுபது வயதுக்காரரின் முழங்காலுக்கும் அதே பெயர்ப்பலகைதான்.

ஆணிவேர்:
இது வேரின் குற்றமா? பிரிட்டிஷ் எழுத்துமுறையில் குழந்தை வரும் சொற்களில் பெரும்பாலும் ‘ஏ’யும் ‘ஈ’யும் சேர்ந்து நிற்கும். பாதம் வரும் சொற்களில் வெறும் ‘ஈ’ மட்டும். அமெரிக்கர்கள் அந்த ‘ஏ’யைத் தூக்கி எறிந்ததால் வந்த வினை. வேர் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படும், தெரியாதவருக்கு எல்லாம் ஒன்றுதான். நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

அச்சுப்பிழை:
மண்ணியலும் வெறும் ‘ஈ’யோடுதான் நிற்கிறது, ஐயா.

இரவுப்பணி:
நான் செவிலியர். படிப்பின் முதலாண்டில் இந்த வேர்கள் இல்லாவிட்டால் ஊருக்கே திரும்பியிருப்பேன். ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்துவிடுவது. ‘ஆஸ்டமி’ என்றால் வாய் திறப்பது. ‘ஸ்டோமா’ என்றால் கிரேக்கத்தில் வாய். காலக்டமி செய்தவருக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியோ முழுவதுமோ இல்லை. காலாஸ்டமி செய்தவருக்குக் குடலின் ஒரு முனை வயிற்றின் மேற்பரப்பில் திறந்திருக்கும், அங்கே பை மாட்டியிருப்போம். நோயாளிக் குறிப்பில் இந்த இரண்டு சொற்களும் கிறுக்கல் கையெழுத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் படுக்கையருகே போகும் முன்பே எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை அந்த வால்தான் சொல்கிறது.

விடுகதை என்று சொன்னவர் ஒரு வாரம் எங்கள் வார்டுக்கு வந்து பார்க்கலாம்.

அச்சுப்பிழை:
அம்மா, வாயை மூடிக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். உங்கள் துறைச் சொற்களில் பெரும்பாலானவை மருத்துவர்கள் மேசையில் உட்கார்ந்து உதிரிபாகங்களைப் பூட்டிச் செய்தவை. பூட்டியதைக் கழற்றினால் அதே பாகங்கள் கிடைக்கும். வாயில் வளர்ந்த சொற்களுக்கு அப்படிக் கிடையாது.

பூட்டிய சொல்லும் பொய் சொல்லும் என்பதற்கு ஆக்சிஜனே போதும். 1777இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வைத்த பெயர், பொருள் ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’. அமிலம் எல்லாவற்றிலும் அந்த வாயு இருக்கிறது என்று அவர் நம்பினார். 1810 வாக்கில் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை என்று காட்டிவிட்டார். கொள்கை போனது, பெயர் நிலைத்துவிட்டது. வேரைப் படித்து வேதியியல் கற்கும் மாணவன் லவாய்சியேயின் பிழையையும் சேர்த்தே கற்கிறான்.

ஆணிவேர்:
அபூர்வமான விதிவிலக்குகளாகப் பொறுக்கி எடுத்து வைக்கிறீர்கள். 1973இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 80,000 சொற்கள் கொண்ட ஆங்கில அகராதியை எடுத்து மூலம் பார்த்தது. லத்தீன் 28 விழுக்காடு, பிரெஞ்சு 28, கிரேக்கம் 5. பிரெஞ்சும் லத்தீனின் மகள்தான். 60 விழுக்காட்டுக்கு மேல் என் பட்டியலின் வீட்டுக்காரர்கள். இதை விட்டுவிட்டு வேறு எதைக் கற்பிக்கச் சொல்கிறீர்கள்?

அச்சுப்பிழை:
அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கு. பேச்சில் அப்படியா? ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் நூறு சொற்களை எடுங்கள். தி, ஆஃப், அண்ட், ஹி, வாஸ் என்று ஏறக்குறைய எல்லாமே ஜெர்மானியச் சொற்கள், அதாவது ஆங்கிலமும் ஜெர்மனும் பிறந்த குடும்பத்தின் சொந்தச் சொற்கள். உங்கள் மாணவர்கள் இடறி விழுவது அங்கேதான். கெட் அப், கெட் ஓவர், கெட் பை ஆகியவற்றுக்கு உங்கள் 300 வேர்களில் எது உதவும்?

ஒலிமாற்றம்:
இருவரும் நானூறு ஆண்டுப் பழைய சண்டையைப் புதிதாகப் போடுகிறீர்கள். 16ஆம் நூற்றாண்டில் லத்தீன் சொற்கள் வெள்ளமாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அவற்றுக்கு ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்றே கேலிப்பெயர். எதிர்த்தவர்களில் ஒருவர் ஜான் சீக். அவர் கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியர் என்பதுதான் அழகு! மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது பித்துப்பிடித்தவரைக் குறிக்கும் லூனடிக்குக்கு ‘மூன்ட்’ என்றும், ரோமானிய நூற்றுவர் தலைவரான செஞ்சூரியனுக்கு ‘ஹண்ட்ரடர்’ என்றும் எழுதினார். ஒன்றும் நிற்கவில்லை. நம் மொழி தூய்மையாக, கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்று 1557இல் அவர் எழுதிய கடிதத்தில், தூய்மைக்கு அவர் போட்ட ‘ப்யூர்’ என்ற சொல்லே லத்தீனிலிருந்து வந்ததுதான்.

வேர்ப்பித்து எழுத்துக்கூட்டலையே கெடுத்த கதையும் உண்டு. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. உச்சரிப்பிலும் இல்லை, எழுத்திலும் இல்லை. லத்தீனில் ‘டெபிடும்’ என்று இருப்பதைக் கண்ட படிப்பாளிகள், மூதாதைக்கு மரியாதையாக ஒரு ‘பி’யைச் செருகினார்கள். ‘டவுட்’டுக்கும் அதே கதி. இவையாவது உறவு உண்மையான இடங்கள். ‘ஐலண்ட்’ பாவம், அது அசல் பழைய ஆங்கிலச் சொல். தீவைக் குறிக்கும் லத்தீன் ‘இன்சுலா’வுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இன்சுலாவின் வழிவந்த ‘ஐல்’ பக்கத்தில் நின்றதால் இதற்கும் ஒரு ‘எஸ்’ஸைத் திணித்துவிட்டார்கள். இன்றுவரை எல்லா நாட்டுக் குழந்தைகளும் அந்த ஊமை எழுத்தைச் சுமக்கிறார்கள்.

ஆணிவேர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். பாதத்தைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் ‘பெட்’டிலிருந்து வந்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். பலர் சொல்கிறார்கள். இரண்டும் உடன்பிறப்புகள். லத்தீனில் ‘ப’ நிற்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ நிற்கும்: பாட்டெர், ஃபாதர், பிஸ்கிஸ், ஃபிஷ். ‘க’ நிற்கும் இடத்தில் ‘ஹ’: கோர்னு, ஹார்ன், கென்டும், ஹண்ட்ரட். 1822இல் இதை ஒழுங்குபடுத்தி எழுதிய யாக்கோப் கிரிம், தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர். நீங்கள் இரண்டு தனிப் பட்டியல்களாகப் பார்ப்பவை சேரும் இடம் இது. எனக்கு இந்த விவாதத்தில் பிடித்த பகுதியும் இதுதான், மன்னியுங்கள், நீண்டுவிட்டது.

ஆணிவேர்:
ஃபுட் பற்றி… சொல்லியிருக்கிறேன். பத்தாண்டுகளாக. திருத்திக்கொள்கிறேன்.

இரவுப்பணி:
ஹெலிகாப்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ‘ஹெலி’, ‘காப்டர்’ என்றுதான் உடைத்து வைத்திருந்தேன். சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’, சிறகைக் குறிக்கும் ‘ப்டெரோன்’ என்று பிறகுதான் தெரிந்தது.

அச்சுப்பிழை:
என் கடைசி அம்பு. ‘நைஸ்’ என்ற சொல்லின் மூலம் லத்தீன் ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு மூடன் என்று பொருள். பிறகு கூச்சம், நுணுக்கம் என்று எங்கெங்கோ அலைந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. வேர்தான் பொருள் என்றால், ஒருவரை நைஸ் மனிதர் என்பது வசை.

ஆணிவேர்:
முந்நூறையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மருத்துவமும் அறிவியலும் படிக்கப் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் அப்படியே போகும், அதில் எனக்கு ஐயமில்லை. மற்றவர்களுக்கு, சொல்லை வாக்கியத்தில் சந்தித்த பிறகே வேரைக் காட்டுவதாக இருக்கிறேன். ‘பெட்’ பக்கத்தை இன்றிரவு மூன்றாகக் கிழித்து ஒட்டினேன். ஆர்த்தோபீடிக்ஸ் குழந்தைகள் பக்கம் போய்விட்டது. சக ஆசிரியரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

வழிப்போக்கன்:
இரண்டு நாட்களாக ஓசைப்படாமல் படித்துக்கொண்டிருந்தேன். நைஸ் விவாதம்.

அச்சுப்பிழை:
நன்றி. எந்த நூற்றாண்டுப் பொருளில்?