மெதடிஸ்ட் சர்ச்சுல வாலன்டியர் பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு, காரைக்குடிலேருந்து ஒரு அக்கா

லீவுக்கு காரைக்குடி வந்து இருபது நாள் ஆச்சு, அதுக்குள்ள நாலு வீட்டுல கூப்பிட்டு கேட்டுட்டாங்க, பொண்ணு அமெரிக்கா போறா என்ன என்ன கொண்டு போகணும்னு. குக்கர், மசாலாப்பொடி, பணியாரச்சட்டி, பருப்புப்பொடி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியுது. அங்க போய் ஒரு செவ்வாக்கிழமை பகல் பதினொரு மணிய என்ன பண்றதுன்னு மட்டும் யாரும் கேக்குறதில்ல. வீட்டுக்காரர் எட்டு மணிக்கு கெளம்பிட்டா சாயங்காலம் ஆறு மணி, வெளில பாத்தா ரோட்ல ஒரு ஆள் கெடையாது, நம்மூர்ல முகப்புல உக்காந்தா போறவங்க வர்றவங்க பத்து பேராவது “என்ன சாப்பிட்டியா”ன்னு கேட்டுட்டு போவாங்க. நான் போன முதல் வருஷம் தபால் போடுற அம்மாகிட்ட பேசுறதுக்காகவே வாசல்ல நின்னுருக்கேன், சிரிக்காதீங்க.

நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அங்க போயி பக்கத்துல சிஎஸ்ஐ இல்ல, கார் ஓட்டவும் தெரியாது, நடந்து போற தூரத்துல இருந்தது மெதடிஸ்ட்னு ஒரு புராட்டஸ்டன்ட் சபையோட சர்ச். போனப்புறம்தான் தெரிஞ்சது அது ஒண்ணும் அந்நியமில்லன்னு. 1947 செப்டம்பர் 27ல சிஎஸ்ஐ உருவானப்ப ஆங்கிலிக்கன், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடீரியன் இவங்களோட தென்னிந்திய மெதடிஸ்டும் சேந்துதான் ஒரே சபையானாங்க, அதனால நம்ம ஞானஸ்நானத்த அங்க அப்படியே ஒத்துக்குவாங்க, திரும்ப எடுக்கச் சொல்ல மாட்டாங்க. ராப்போஜனத்துல, அதான் அப்பமும் ஒயினும் குடுக்குற ஆராதனைல, ஒயினுக்கு பதிலா திராட்ச ஜூஸ், அத தொடங்கி வச்சதே வெல்ச்னு ஒரு மெதடிஸ்ட் பல் டாக்டர்தான், 1869ல, கடைல விக்குற அதே வெல்ச்ஸ் ஜூஸ்.

போர்டுல மெதடிஸ்ட்னு இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நெனைச்சிடாதீங்க. சிலுவையும் அதோட நெருப்புச் சுடரும் இருந்தா அது யுனைடெட் மெதடிஸ்ட், 1968ல ரெண்டு சபை இணைஞ்சு வந்தது. ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் தனி, ஃப்ரீ மெதடிஸ்ட் தனி. 2019லேருந்து 2023க்குள்ள அமெரிக்காவுல 7,600க்கு மேல சபைங்க யுனைடெட் மெதடிஸ்ட்ட விட்டு வெளில போயிருக்கு, ஓரினச்சேர்க்கை விஷயத்துல வந்த சண்ட, போனதுல நெறைய பேர் 2022ல ஆரம்பிச்ச குளோபல் மெதடிஸ்ட்ல சேந்துட்டாங்க. உங்களுக்கு எது ஒத்து வரும்னு நீங்களே பாத்துக்குங்க, ரெண்டு மூணு ஞாயித்துக்கெழம சும்மா போய் உக்காந்தாலே தெரிஞ்சிடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்மூர்ல சர்ச் வேலைன்னா ஐயர்னு நாங்க சொல்ற போதகர், கமிட்டி, சர்ச்ச பாத்துக்கற கோயில் பிள்ளை, அவ்வளவுதான், மத்தவங்க வந்து ஆராதனைய முடிச்சிட்டு போயிடுவோம். அங்க அப்படியில்ல, வாசல்ல கைகுடுத்து வரவேற்கிறவங்கள்லேருந்து பீடத்துல துணி விரிக்கிறவங்க, காபி போடுறவங்க வர எல்லாரும் சம்பளமில்லாத சனங்க, இதுக்கு ஒவ்வொண்ணுக்கும் மினிஸ்ட்ரின்னு பேர் வச்சிருப்பாங்க. காபி போடுறதுக்கு ஹாஸ்பிடாலிட்டி மினிஸ்ட்ரி! முதல்ல எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஆனா மெதடிஸ்ட்ட ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டுல இருந்தப்பவே, 1730 வாக்குல, கூட்டாளிகளோட ஜெயிலுக்குப் போய் கைதிகளப் பாத்த ஆளு, அதனால அந்த சபைல சேவைங்கிறது ஓரமா வச்ச ஐட்டம் இல்ல.

எச்4ல, அதாவது வீட்டுக்காரரோட வேலை விசாவ ஒட்டி குடும்பத்துக்கு குடுக்குற விசால, போறவங்க இத கவனமா படிங்க. வேலை பெர்மிட் இல்லாதவங்க சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது, ஆனா சர்ச் மாதிரி தர்ம காரியம் பண்ற எடத்துல, வழக்கமா யாருக்குமே சம்பளம் குடுக்காத வேலைய, நாமளும் ஒண்ணும் வாங்காம செய்றதுல தப்பில்ல. இங்கதான் ஒரு சிக்கல், கைக்குழந்தைங்கள பாத்துக்கற நர்சரிக்கு பல சர்ச்சுல சம்பளத்துக்கு ஆள் வச்சிருப்பாங்க, ஆபீஸ் செக்ரட்டரியும் ஆர்கன் வாசிக்கிறவரும் அப்படித்தான், அந்த எடத்துல நீங்க சும்மா செஞ்சாலும் பிரச்சனதான், ஏன்னா அது சம்பள வேலை. நன்றின்னு சொல்லி கிஃப்ட் கார்டு நீட்டுனா சிரிச்சிட்டே வேணாம்னு சொல்லிடுங்க. சந்தேகம்னா உங்க கம்பெனி வக்கீல ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

சின்னப் புள்ளைங்க சம்பந்தப்பட்ட எதுக்கும் பேக்ரவுண்ட் செக் உண்டு, நம்ம மேல பழைய கேஸ் எதாவது இருக்கான்னு பாக்குறது, கோவப்படாதீங்க, எல்லாருக்கும்தான். யுனைடெட் மெதடிஸ்ட்ல 1996லேருந்தே இதுக்குன்னு ஒரு கொள்கை, சேஃப் சாங்ச்சுவரின்னு சொல்லுவாங்க. ஒரு ரூம்ல புள்ளைங்களோட பெரியவங்க ஒருத்தர் மட்டும் தனியா இருக்கக்கூடாது, கதவுல கண்ணாடி இருக்கணும், அடுத்த வீட்டுப் புள்ளைய தனியா கார்ல ஏத்திட்டு போகக்கூடாது. நம்ம பழக்கத்துல எந்தப் புள்ளையா இருந்தாலும் தூக்கி கன்னத்த கிள்ளுவோம்ல, அத அங்க ஒரேயடியா விட்டுடணும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர்னு அங்க அரசாங்கம் குடுக்குற அடையாள எண் இல்லாம சில எடத்துல செக் ஓடாது, அப்ப கிச்சன், பேன்ட்ரி பக்கம் போயிடுங்க.

நான் எல்லார்கிட்டயும் சொல்றது, முதல்ல ஃபுட் பேன்ட்ரி, இல்லாதவங்களுக்கு சாப்பாட்டுச் சாமான் சும்மா குடுக்குற எடம். இங்கிலீஷ் தடுமாறினாலும் கவலயில்ல, டப்பா அடுக்குறதுக்கு என்ன இலக்கணம். ஃபுட் பேங்க்லேருந்து வண்டி வரும், பீன்ஸ் டின், சீரியல், பீநட் பட்டர் எல்லாத்தையும் தேதி பாத்து பிரிக்கணும், பழசு முன்னாடி புதுசு பின்னாடி, நம்ம வீட்டு ரெண்டாங்கட்டுல அரிசி மூட்டை அடுக்குற அதே கணக்கு. வர்றவங்க கடை மாதிரி அவங்களே எடுத்துக்குவாங்க, நாம கூட நடந்து போய் இத்தன பேர் வீட்டுக்கு இத்தன டின்னுன்னு சொல்லணும். அங்கதான் எனக்கு அமெரிக்கா புரிஞ்சது, வரிசைல நல்ல கார்ல வந்து நிக்கிறவங்களும் இருப்பாங்க, கார் இல்லாம வேலைக்கு போக முடியாது, வேலை இருந்தும் மாசக் கடைசில சாப்பாட்டுக்கு இல்ல. முகத்துல எதையும் காட்டாதீங்க. அப்புறம், எவ்வளவு பாசமா இருந்தாலும் வீட்டுல செஞ்சத பேன்ட்ரில குடுக்கக்கூடாது, கடைல சீல் பண்ணது மட்டும்தான், நான் ஒரு தடவ தேங்குழல் கொண்டு போய் அசடு வழிஞ்சேன்.

தேங்குழலுக்கு எடம் பாட்லக். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்து எல்லாரும் சேந்து சாப்பிடுறது. கந்தரப்பம், கருப்பட்டிப் பணியாரம், வெள்ளப் பணியாரம் எது வேணா கொண்டு போங்க, ஆனா பக்கத்துல ஒரு அட்டைல இதுல பால் இருக்கு, முந்திரி இருக்கு, கோதும இருக்குன்னு எழுதி வைக்கணும், அலர்ஜி அங்க வெளையாட்டு இல்ல. மொளகா கார சட்னிய தனியா வைங்க, அதுலயும் பாதி காரம் போதும். ஒரு தாத்தா எங்கிட்ட பணியாரத்துக்கு நடுவுல ஓட்ட இல்லாத டோனட்டுன்னு பேர் வச்சாரு, ஒண்ணும் சொல்ல முடியல.

எங்க பக்கத்து வீட்டு ஆச்சி கத இங்க சொல்லியே ஆகணும். பொண்ணு பிரசவத்துக்கு ஆறு மாசம் வந்தாங்க, பட்டையா திருநீறு, காலைல விளக்கேத்தாம காபி குடிக்க மாட்டாங்க, இங்கிலீஷ்ல தேங்க்யூ ஒண்ணுதான். வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்காங்களேன்னு நான் சர்ச்சுல பிரேயர் ஷால்னு ஒரு குழு நடக்குது வாங்க ஆச்சின்னேன், ஒடம்பு முடியாதவங்களுக்கு, வீட்டுல துக்கம் நடந்தவங்களுக்கு சால்வை பின்னி குடுக்குற பொம்பளைங்க. “ஏன் ஆத்தா, நம்மள மதம் மாத்திப்புடுவாகளா”ன்னாங்க. வந்து பாருங்க, புடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடலாம்னு கூட்டிட்டு போனேன். செட்டிநாட்டு கொட்டான், அந்த ஓலக் கூடைக்கு மேல குரோஷா பின்னி மூடுற கையி, அந்த அம்மாங்க ஒரு சால்வைக்கு மூணு வாரம் எடுத்துக்கிட்டா ஆச்சி ஏழு நாள்ல முடிச்சாங்க. அப்புறம் யாரு யாருக்கு சொல்லிக் குடுக்குறது! முடிஞ்ச சால்வை மேல எல்லாரும் கைய வச்சு ஜெபம் பண்ணுவாங்க, ஆச்சி கண்ண மூடி முருகா முருகான்னு முணுமுணுப்பாங்க, யாரும் ஏன்னு கேட்டதில்ல. கெளம்புறப்ப பன்னெண்டு பேர் வீட்டுக்கே வந்து வழியனுப்புனாங்க. எல்லா சர்ச்சும் இப்படி இருக்கும்னு நான் சத்தியம் பண்ணல, எங்கயாவது வாலன்டியர் பண்ண வந்த ஆள உக்கார வச்சு மதம் மாறச் சொல்லி அழுத்துனா அடுத்த வாரம் போகாதீங்க, அவ்வளவுதான்.

மத்தத வேகமா சொல்லிடுறேன். கோடை லீவுல ஒரு வாரம் விபிஎஸ், புள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, ஸ்நாக் குடுக்குற வேலைய கேட்டு வாங்குங்க, கத சொல்ற வேலை அடுத்த வருஷம். கொயர், அதான் பாடகர் குழு, பிராக்டிஸ் பல எடத்துல புதன்கிழம சாயங்காலம், நம்ம ஞானப்பாட்டு மெட்டு பாதி அங்கேயும் ஓடும், ஜான் வெஸ்லியோட தம்பி சார்லஸ் வெஸ்லியே 6,000க்கு மேல பாட்டு எழுதியிருக்காரு. புயல், வெள்ளம் வந்தா அனுப்புறதுக்கு அம்கார்னு அவங்களோட நிவாரண அமைப்பு, 1940லேருந்து இருக்கு, அதுக்கு கிட் கட்டுவாங்க, டவல், சீப்பு, நகவெட்டி, சோப்பு, பிரஷ், பிளாஸ்திரி, லிஸ்ட்ல இல்லாத ஒண்ண பாசத்துல சேத்து வச்சிடாதீங்க, பிரிச்சு எடுக்குற வேலை இன்னொருத்தருக்கு. துக்கத்துல இருக்கறவங்களோட உக்காந்து பேச ஸ்டீபன் மினிஸ்ட்ரின்னு ஒண்ணு, அம்பது மணி நேரம் வாக்குல ட்ரெயினிங், பாஷை நல்லா பழகட்டும்.

நான் அடிபட்டு கத்துக்கிட்டது ஒண்ணு. நம்மகிட்ட “பாக்கலாம்”னா வரலன்னு அர்த்தம், கேக்குறவங்களுக்கும் அது புரியும். அங்க நான் “ஐ வில் ட்ரை”ன்னேன், அவங்க பேர எழுதிட்டாங்க. ஒரே மாசத்துல கிச்சன் கமிட்டி, மிஷன் கமிட்டி, ஈஸ்டர் டெக்கரேஷன், மூணுலயும் நான், அதுல ஒரு நாள் போகாம விட்டேன், இறுதிச் சடங்கு முடிஞ்சு வர்ற குடும்பத்துக்கு மதிய சாப்பாடு போடுற நாள், சாண்ட்விச் போட ரெண்டு வயசானவங்க மட்டும் நின்னுருக்காங்க. நம்மூர்ல சாவு வீடுன்னா சொல்லாமலே பங்காளி, பக்கத்து வீடுன்னு முப்பது பேர் அடுப்படில நிப்பாங்க, ஒருத்தர் வரலன்னா யாருக்கும் தெரியாது. அங்க ஆன்லைன்ல எத்தன பேர் பேரு குடுத்தாங்களோ அத்தன பேர்தான், ஆறு பேர்னா ஆறே பேர். யாரும் என்ன திட்டல, அதுதான் இன்னும் சங்கடமா போச்சு. முடியலன்னா முதல்லயே நோ சொல்லுங்க, அவங்க மனசுல வச்சுக்க மாட்டாங்க. ஒம்பது மணின்னா எட்டு அம்பதுக்கு நில்லுங்க.

பாஸ்டர மட்டும் புடிச்சுக்காதீங்க, பிஷப்தான் பாஸ்டர நியமிக்கிறது, ஜூலை வாக்குல மாத்தல் வந்துடும். கிச்சன் சாவி யார்கிட்ட இருக்கோ அந்த அம்மாவ தெரிஞ்சு வச்சுக்குங்க, அவங்க எங்கயும் போக மாட்டாங்க. எனக்கு ரெண்டாவது பிரசவம் ஆனப்ப பத்து நாள் சாப்பாடு வந்ததுக்கு லிஸ்ட் போட்டது அந்த அம்மாதான், அந்த கேசரோல்ல உப்பு காரம் ஒண்ணும் இருக்காது, எங்க வீட்டுக்காரர் மேல ஊறுகாய போட்டு அழுதுகிட்டே சாப்பிட்டாரு, அழுதது காரத்துலயான்னு நான் கேட்டுக்கல.

சிங்கப்பூர் போறவங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல, அங்க மெதடிஸ்ட் 1885லேருந்து இருக்கு, ஷார்ட் ஸ்ட்ரீட்ல தமிழ் மெதடிஸ்ட் சர்ச்சே இருக்கு. யுகே போறவங்களுக்கு பேக்ரவுண்ட் செக்குக்கு டிபிஎஸ்னு பேரு, வாலன்டியருக்கு அது காசில்லாமதான், யாராவது பீஸ் கேட்டா ஏன்னு கேளுங்க.

நாளைக்கு விடியக்காலைல பல்லவன் ரயில்ல மெட்ராஸ், அங்கேருந்து பிளைட்டு. ஆச்சி மூணு கொட்டானும் ஒரு பை குரோஷா நூலும் குடுத்து விட்டிருக்காங்க அந்த குழுவுக்கு, பெட்டில எடம் இல்ல, பருப்புப்பொடிய எடுத்து வெளில வச்சிருக்கேன். கேள்வி இருந்தா எந்த ஊரு எந்த விசான்னு சேத்தே கேளுங்க, ரெண்டு நாள் கழிச்சு பதில் சொல்றேன்.